பட்டறைச் சுவருக்குத் தகடு போதுமா?

பட்டறை என்ற சொல்லைக் கேட்டவுடன் இலக்கிய வாசகர்களின் நினைவுக்கு வருவது பெரும்பாலும் சிறுகதைப் பட்டறையாகவோ கவிதைப் பட்டறையாகவோதான் இருக்கும். நாங்களும் அத்தகைய பட்டறைகள் சிலவற்றில் வட்டமாக அமர்ந்து, தேநீர் அருந்தி, பிறர் கதைகளில் குறை கண்டு திரும்பியவர்கள்தாம். அச்சொல் கொல்லனிடமிருந்து எழுத்தாளன் பெற்ற கடன். திருக்குறளின் கூடாநட்பு அதிகாரத்தில் பட்டடை என்ற வடிவில் அது இருக்கிறது. அடிப்பதற்கு இடம் வாய்க்கும்வரை தாங்குவதுபோலத் தாங்கிக்கொண்டிருக்கும் இரும்பு அது. கடனாகப் பெற்ற சொல்லை அதன் பழைய உரிமையாளரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, மெய்யான பட்டறை ஒன்றைப் பற்றி, அதிலும் அதன் உட்சுவரைப் பற்றி மட்டும், இங்கே பேச விரும்புகிறோம்.

நாங்கள் வாழ்வது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில். வீட்டோடு ஒட்டிய, இரண்டு கார்கள் நிற்கக்கூடிய கராஜ் ஒன்று எங்களுக்கு உண்டு. கார்களை வெளியே பனியில் நிறுத்திவிட்டு அந்த இடத்தைப் பட்டறையாக்கிக்கொண்டோம். எங்களில் ஒருவருக்கு மரவேலையில் நாட்டம். மற்றவருக்கு இரும்பை அறுப்பதிலும் பற்றவைப்பதிலும். ஒருவர் உதிர்க்கும் மரத்தூளில் மற்றவர் தெறிக்கவிடும் தீப்பொறி விழுந்தால் என்னவாகும் என்பது இல்லறத்தின் எளிய கேள்விகளில் ஒன்றன்று. ஆயினும் முதலில் எங்களுக்குள் எழுந்த விவாதம் அதைப் பற்றியதாக இல்லை, அழகைப் பற்றியதாகவே இருந்தது என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கராஜின் மூன்று சுவர்களில் உட்பூச்சு ஏதும் இல்லை. 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிற்கும் மரச்சட்டங்கள் எலும்புக்கூடுபோல வெளியே தெரிந்தன. நான்காவது சுவர், அதாவது வீட்டுக்கும் கராஜுக்கும் இடையிலான சுவர், ஜிப்சம் பலகையால் மூடப்பட்டிருந்தது. அழுக்கேறிய, அங்கங்கே இடிபட்ட பழைய பலகை. இவை அனைத்தையும் வெள்ளை வண்ணமடித்த, மடிப்புகள் கொண்ட எஃகுத் தகட்டால் மூடிவிடலாம் என்று முடிவு செய்தோம். இந்த நாட்டில் தொழுவங்களுக்கும் பண்ணைக் கிடங்குகளுக்கும் உரியதாக இருந்த தகடு, வீட்டுப் பட்டறைகளின் உட்புறத்துக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. பளிச்சென்று இருக்கிறது, துணியால் துடைத்தால் அழுக்குப் போய்விடுகிறது, இணைப்புகளில் மாவு பூசித் தேய்த்து மீண்டும் வண்ணமடிக்கும் வேலை இல்லை, ஈரமான தரையின் அருகில் ஜிப்சத்தைப்போல ஊறி உதிர்வதில்லை. இவ்வளவு நன்மைகளும் மெய்யே. தகட்டின் எதிரிகளாக நாங்கள் இதை எழுதவில்லை.

வேலைக்கு வந்த ஒப்பந்தக்காரர் நான்கு சுவர்களும் ஒரே மட்டத்தில் அமைய வேண்டுமானால் வீட்டுச் சுவரிலுள்ள ஜிப்சம் பலகையைப் பிடுங்கிவிட்டுச் சட்டத்தின்மேலேயே தகட்டை அறைந்துவிடலாம் என்றார். “எஃகுதானே, தீப்பிடிக்காது” என்பது அவர் சொன்ன காரணம். அது எங்களுக்கும் சரியாகவே பட்டது. மறுநாள் பலகையைப் பிடுங்குவதாக ஏற்பாடு. அன்று மாலை தீயணைப்புத் துறையில் பணிபுரிந்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து நின்று சுவரைப் பார்த்தார். அவர் கேட்டது ஒரே கேள்வி: “இந்தச் சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது?”

அந்தச் சுவருக்குப் பின்னால் எங்கள் மகளின் கட்டில் இருந்தது.

தீப்பிடிக்காத பொருள் வேறு, தீயைத் தடுக்கும் பொருள் வேறு. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ளாமல் பட்டறை அமைப்பவர்கள் பலர் இருக்கக்கூடும் என்பதாலேயே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம். உட்சுவருக்குப் பயன்படும் எஃகுத் தகடு 29 கேஜ் என்றால் அதன் தடிமன் ஏறத்தாழ 0.36 மில்லிமீட்டர், 26 கேஜ் என்றால் ஏறத்தாழ 0.46 மில்லிமீட்டர். கேஜ் எண் ஏற ஏறத் தடிமன் குறையும் என்பதும் வாங்குபவர் பலரை ஏமாற்றும் வழக்கம். இவ்வளவு மெல்லிய எஃகு எரியாதுதான். ஆனால் அது வெப்பத்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தாமதமின்றிக் கடத்திவிடும். தோசைக்கல் எரிவதில்லை, தோசை வேகிறது. தகட்டுக்குப் பின்னால் இருக்கும் மரச்சட்டம் 250 முதல் 300 பாகை செல்சியஸ் அளவில் பற்றிக்கொள்ளக் கூடியது. முன்புறம் நெருப்பு நின்றால் பின்புறம் அந்த வெப்பநிலையை அடைய நெடுநேரம் ஆகாது.

அழுக்கடைந்து, விரல் நகம் பட்டாலே பள்ளம் விழும் அந்த ஜிப்சம் பலகையின் கதை வேறு. ஜிப்சம் என்பது நீரோடு சேர்ந்த கால்சியம் சல்ஃபேட். அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் நீர், படிகத்துக்குள் கட்டுண்டு கிடக்கிறது. நெருப்பு தாக்கும்போது அந்த நீர் ஆவியாகி வெளியேறத் தொடங்குகிறது. வெளியேறி முடியும்வரை பலகையின் பின்புறம் நீர் கொதிக்கும் வெப்பநிலையை அதிகம் தாண்டுவதில்லை. அதாவது அந்தச் சுவருக்குள் யாரும் அறியாமல் ஒரு குடம் நீர் காத்திருக்கிறது. அமெரிக்கக் குடியிருப்புக் கட்டட விதிகள் கராஜுக்கும் வீட்டுக்கும் இடையில் குறைந்தது அரை அங்குல ஜிப்சம் பலகையை வற்புறுத்துவதும், கராஜுக்கு மேலே குடியிருக்கும் அறை இருந்தால் விட்டத்தில் அதைவிடத் தடித்த, தீயெதிர்ப்புக் கூடிய ஐந்தில் எட்டு அல்ல, எட்டில் ஐந்து அங்குலப் பலகையைக் கேட்பதும் இதனால்தான். உறங்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவதற்குத் தேவையான நிமிடங்களைத்தான் அந்த விதி அளந்து கொடுக்கிறது.

பலகையைப் பிடுங்கவில்லை. இடிபட்ட இடங்களைச் செப்பனிட்டு, அதன்மேலேயே தகட்டைப் பொருத்தினோம். நான்கு சுவர்களும் ஒரே மட்டத்தில் இல்லை. வீட்டுச் சுவர் அரை அங்குலம் முன்னே நிற்கிறது. வருகிறவர்களில் ஒருவரும் அதைக் கவனித்ததில்லை.

இதே எச்சரிக்கை வெப்பக் காப்புக்கும் பொருந்தும். சட்டங்களுக்கிடையே கண்ணாடி இழையோ கல் இழையோ வைத்திருந்தால் தகட்டால் மூடுவதில் பெரிய சிக்கல் இல்லை. நுரைப் பலகையோ பீய்ச்சி நிரப்பிய நுரையோ என்றால் அதன்மேல் ஜிப்சமோ அதற்கு இணையாகச் சோதிக்கப்பட்ட தடுப்போ வேண்டும் என்பதே பொதுவான விதி. வெறும் மெல்லிய தகடு அந்த இடத்தை நிரப்பாது. நுரை எரியும்போது எழும் புகை, நெருப்பு வருவதற்கு முன்பே வேலையை முடித்துவிடும்.

தகட்டின்மேல் எங்களுக்கு ஏற்பட்ட மயக்கம் புதியதன்று. லண்டன் கப்பல்துறையில் பொறியாளராக இருந்த ஹென்றி ராபின்சன் பாமர், மடிப்பு வைத்த இரும்புத் தகட்டுக்கு 1829இல் காப்புரிமை பெற்றார். காகிதத்தை விசிறிபோல மடித்தால் அது நிமிர்ந்து நிற்கும் என்பது குழந்தைக்கும் தெரியும், அதே அறிவுதான். 1837இல் ஃபிரான்சில் ஸ்தானிஸ்லாஸ் சோரெல் இரும்புக்குத் துத்தநாகப் பூச்சிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றபின், துரு என்ற தடையும் பெருமளவு விலகியது. அதன்பின் தகடு கப்பலேறி ஆஸ்திரேலியாவுக்கும் கலிஃபோர்னியத் தங்க வயல்களுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நம்மூர்க் கூரைகளுக்கும் சென்றது. கைவினையின் புனிதத்தைப் பேசிய வில்லியம் மாரிஸ் அதை மனமார வெறுத்தார். கிராமப்புறத்தின் ஓட்டுக்கூரைகளையும் வைக்கோல் கூரைகளையும் அது விழுங்கிக்கொண்டிருந்ததை அவர் கண்ணெதிரே கண்டவர். அவர் கோபம் எங்களுக்குப் புரிகிறது. ஆனால் ஒழுகாத கூரையின் கீழ் முதன்முறையாக உறங்கிய ஏழையின் தரப்பையும் கேட்க வேண்டும் அல்லவா?

தகடு நல்லதா கெட்டதா என்பதைவிட, அது எந்த இடத்தில் எதை மறைக்கிறது என்பதே சரியான கேள்வி என்று எங்களுக்குத் தோன்றுகிறது. இதற்கு வழிகாட்டக் கூடியவர்கள் இருவர். ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் கோட்ஃபிரீட் செம்பர், கட்டடக் கலையின் நான்கு கூறுகளைப் பற்றி 1851இல் வெளியிட்ட நூலில், சுவரின் தொடக்கம் கல்லில் இல்லை, நெசவில் இருக்கிறது என்றார். முதல் மனிதன் தன் இடத்தைப் பிரித்துக்கொள்ளப் பாய் முடைந்து தொங்கவிட்டான். கல்லும் செங்கல்லும் அதைத் தாங்கப் பின்னால் வந்தவை. ஜெர்மன் மொழியில் சுவருக்கும் ஆடைக்கும் உரிய சொற்கள் உறவுடையவை என்பதை அவர் சான்றாகக் காட்டினார். கீற்று முடைந்து தட்டி கட்டிய நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. தென்னங்கீற்றை முடையும் கை நெசவாளியின் கைதான்.

செம்பரைப் படித்து வளர்ந்த வியன்னாவின் அடால்ஃப் லோஸ், 1898இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதற்கு ஒரு சட்டம் வகுத்தார். போர்வை போர்த்தப்பட்டதாக வேடமிடக் கூடாது. மரத்துக்கு எந்த நிறத்தை வேண்டுமானாலும் அடிக்கலாம், மரத்தின் நிறத்தைத் தவிர. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கக் கடைகளிலும் வீடுகளிலும் பரவிய அச்சுத் தகட்டு விதானங்களை இந்தச் சட்டத்தின்முன் நிறுத்தினால் தோற்றுப்போகும். சுண்ணச் சாந்துச் சிற்பத்தைப் போலத் தோன்றும்படித் தகட்டில் பூவும் கொடியும் அழுத்தி வெள்ளையடித்தவை அவை. மடிப்புத் தகடோ தகடாகவே நிற்கிறது. லோஸ் வைத்த தேர்வில் எங்கள் வெள்ளைத் தகடு தேறிவிடும்.

ஆனால் லோஸின் தேர்வு கண்ணுக்கான தேர்வு மட்டுமே. பட்டறைக்கு வேறு தேர்வுகளும் உண்டு.

முதலாவது காது. மூன்று சுவர்களில் தகடு ஏறி முடிந்த அன்று மேசை ரம்பத்தை ஓட்டிப் பார்த்தோம். அதே ரம்பம், அதே பலகை. ஆனால் ஒலி ஊசியாக மாறியிருந்தது. கெட்டியான வழுவழுப்பான தகடு ஒலியை உண்பதில்லை, திருப்பி எறிகிறது. அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரைப்படி 85 டெசிபெல் ஒலியில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். அதன்பின் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகக் குறைகிறது. 88 என்றால் 4 மணி. 100 என்றால் கால் மணி நேரம்தான். ரம்பமும் அரைப்பானும் அந்த அளவை எளிதாகத் தொடக்கூடியவை. காதடைப்பான் அணிவது கட்டாயம். அதோடு விதானத்தில் துளையிட்ட தகட்டைப் பொருத்தி அதன் பின்னால் கல் இழையை வைத்தோம். துளை வழியே நுழையும் ஒலி இழையில் சிக்கி ஓய்ந்துவிடுகிறது. இந்தத் துளையை முதலிலேயே யோசித்திருந்தால் செலவு ஒருமுறையோடு முடிந்திருக்கும்.

இரண்டாவது தூசு. மடிப்புகள் கிடையாக ஓடும்படித் தகட்டைப் பொருத்தினால், நிற்கும் மரச்சட்டங்களிலேயே நேராகத் திருகாணி போட்டுவிடலாம், வேலை குறைவு. ஆனால் ஒவ்வொரு மடிப்பும் மரத்தூள் படியும் சிறு அலமாரியாகிவிடும். மரத்தூள் படிந்த இடத்தில் அரைப்பானின் பொறி விழுந்தால், எரியாத சுவரின்மேல் எரியும் ஒரு கோடு உருவாகிறது. மடிப்புகள் செங்குத்தாக நிற்க வேண்டுமானால் முதலில் சட்டங்களின் குறுக்கே கிடைச்சட்டங்கள் அடிக்க வேண்டும்; கூடுதல் ஒரு நாள் வேலை. அந்த ஒரு நாளை மிச்சம் பிடிக்காதீர்கள் என்பது எங்கள் வேண்டுகோள்.

மூன்றாவது மின்சாரம். சுவருக்குள் ஓடும் கம்பியை நாம் பார்க்க முடியாது; திருகாணியும் பார்க்காது. சட்டத்தில் துளையிட்டுச் செல்லும் கம்பி, சட்டத்தின் விளிம்பிலிருந்து ஒன்றேகால் அங்குலமாவது உள்ளே இருக்க வேண்டும்; இல்லையேல் அந்த இடத்தில் எஃகுக் காப்புத் தகடு அறைய வேண்டும் என்கிறது இந்நாட்டின் மின் விதி. ஜிப்சம் சுவரில் திருகாணி கம்பியைத் தொட்டால் தவறு அந்தத் திருகாணியோடு நின்றுவிடக்கூடும். தகட்டுச் சுவரில் முழுச் சுவரும் மின்னூட்டம் பெறலாம். எனவே தகட்டை முறையாகப் புவியிணைப்புச் செய்ய உரிமம் பெற்ற மின் பணியாளரை அழைப்பது ஆடம்பரமாகாது.

நான்காவது தட்பவெப்பம். இதைச் சென்னையிலிருந்து எங்களிடம் கேட்ட நண்பர்களுக்காகச் சொல்கிறோம். தகடு நீராவியை ஊடுருவ விடுவதில்லை. மிச்சிகனின் குளிர்காலத்தில் வெப்பமும் ஈரமும் வீட்டின் உட்புறத்தில் இருக்கின்றன. உட்பக்கம் மூடியிருப்பது சுவருக்கு நன்மை. சென்னையில் குளிரூட்டிய அறைக்கு வெளியேதான் வெப்பமும் ஈரமும். வெளியிலிருந்து சுவருக்குள் புகும் ஈரம் குளிர்ந்த தகட்டின் முதுகில் நீராகப் படிந்து, உலர வழியின்றித் தங்கக்கூடும். மேலும் செங்கல் சுவரும் சிமெண்டுப் பூச்சும் உடைய பட்டறைக்குத் தகட்டுப் போர்வையே தேவையில்லை. நல்ல வெள்ளையடிப்பு போதும். எங்கள் சுவருக்கு ஆடை வேண்டியிருந்தது, அது எலும்புக்கூடாக இருந்ததால். உங்கள் சுவருக்குத் தசையும் தோலும் ஏற்கெனவே இருக்கின்றன.

இனி, நாங்கள் கடைசியாக வந்து சேர்ந்த முடிவு. ஒரு பட்டறையின் நான்கு சுவர்களும் ஒரே ஆடையை உடுத்த வேண்டியதில்லை. ஒவ்வொரு சுவரும் தன் முன்னால் நடக்கும் வேலைக்குப் பதில் சொல்ல வேண்டும். அரைப்பதும் பற்றவைப்பதும் நடக்கும் மூலையில் தகடுதான் சரி. அங்கும் துத்தநாகம் பூசிய தகட்டின்மேல் பற்றவைப்புச் சுடர் நேராகப் படக்கூடாது. சூடேறிய துத்தநாகத்தின் புகை காய்ச்சலையும் நடுக்கத்தையும் தரும். வீட்டுச் சுவரில் ஜிப்சம், அதன்மேல் விருப்பமானால் தகடு. விதானத்தில் துளைத் தகடும் இழையும். மரவேலை மேசைக்கு மேலுள்ள சுவரில் முக்கால் அங்குலப் பிளைவுட்.

இந்தக் கடைசிச் சுவரைப் பற்றித்தான் எங்களுக்குள் நீண்ட விவாதம் நடந்தது. இரும்பின் பக்கம் நின்றவர் அங்கும் தகடு வேண்டும் என்றார்; காந்தம் வைத்தால் உளியெல்லாம் ஒட்டிக்கொள்ளுமே என்றார். மரத்தின் பக்கம் நின்றவர் சொன்னது இது: “நாளை ஒரு புதிய கருவி வாங்கினால் அதை மாட்ட, நினைத்த இடத்தில் ஓர் ஆணி அடிக்க வேண்டும். தகட்டில் நினைத்த இடத்தில் ஆணி அடிக்க முடியாது. சட்டம் எங்கே என்று தேடித் திருகாணி போட வேண்டும். ஒருமுறை போட்ட துளை என்றைக்கும் துளைதான்.” விவாதத்தில் மரம் வென்றது.

வென்றதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை அன்று யாரும் சொல்லவில்லை. எங்களில் ஒருவருடைய தந்தை கோவையில் சிறு பட்டறை வைத்திருந்தவர். அந்தப் பட்டறையின் சுவர் முழுவதும் பென்சிலால் எழுதிய அளவுகள், கூட்டல் கணக்குகள், பாக்கி வைத்தவர்களின் பெயர்கள். பட்டறை விற்கப்பட்டபோது வாங்கியவர் முதல் வேலையாக வெள்ளையடித்தார். அவர்மீது குறை சொல்ல ஏதுமில்லை. தம் இடத்தைத் தூய்மையாக வைத்துக்கொள்ள விரும்பியவர் அவர். தகட்டுச் சுவரை விரும்பிய நாங்களும் அதையேதான் விரும்பினோம்: ஈரத்துணியால் ஒரு துடைப்பு, எல்லாம் புதிதுபோல. ஆனால் எந்நாளும் புதிதுபோல இருக்கும் பட்டறையில் யார் என்ன வேலை செய்தார்கள் என்று சுவர் சொல்லாது.

சுவர்கள் முடிந்து முதன்முதலாகச் செய்த பொருள் மகளின் அறைக்கான புத்தக அலமாரி. அதன் அளவுகள் பிளைவுட் சுவரில் பென்சிலால் எழுதப்பட்டிருக்கின்றன. ஓர் எண் தவறாகி அடிக்கப்பட்டு, பக்கத்தில் சரியான எண் வேறொரு கையெழுத்தில் இருக்கிறது. அலமாரி நிற்பது, நாங்கள் பிடுங்கிவிடத் துணிந்த அந்தச் சுவரின் மறுபக்கத்தில்.